கல்வெட்டுக்கு ஒரு வரி

காலையில் எழுந்ததும் அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். தலையணைக்கு அடியில் இருக்கும். அதைச் சட்டைப்பையில் வைத்த பிறகுதான் கிணற்றடிக்குப் போவேன். முகம் கழுவி, குசினியில் தேத்தண்ணீர் போட்டு, பாணைப் பிய்த்து அதில் தோய்த்துத் தின்பேன். வானொலியில் செய்தி போகும். அதன் பிறகு மரண அறிவித்தல். அது தொடங்குமுன் நிற்பாட்டிவிடுவேன். கதவைப் பூட்டிச் சைக்கிளை எடுப்பேன்.

சந்தியில் இறங்கி உருட்ட வேண்டும். இரண்டு கைகளும் வெளியே தெரிய வேண்டும். காவலில் நிற்பவன் "ஏய்" என்பான். நிற்பேன். "எங்க?" என்பான். "வேலைக்கு" என்பேன். துறைமுக வாசலில் இன்னொருவன். நான் உள்ளே களஞ்சியத்தில் கணக்கெழுதும் இலிகிதர். கழுத்தில் பாஸ் தொங்க வேண்டும். அவன் பாஸில் உள்ள படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தாடியைக் காட்டுவான். மனைவி இறந்துவிட்டாள், முப்பத்தோராம் நாள் வரை சவரம் செய்வதில்லை என்று முதல் முறை சொன்னேன். தலையாட்டினான். மறுநாளும் தாடியைக் காட்டினான். பிறகு அவன் காட்டுமுன் நானே சொல்லப் பழகிக்கொண்டேன்.

என் மனைவி பூரணி, முஸ்லிம் ஊரான கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகக் கணக்குப் படிப்பித்தாள். பின்னேரம் பஸ்ஸில் நகரத்துக்குத் திரும்புவாள். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்குவார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்களைத் தகரக் கொட்டிலுக்குள் ஒவ்வொருவராக எடுத்துச் சோதிப்பார்கள். வெறும் பஸ் தடையைத் தாண்டிப்போய் மறுபக்கம் நிற்கும். சோதனை முடிந்தவர் நேரே பஸ்ஸுக்கு நடக்க வேண்டும். திரும்பக் கூடாது. ஏதாவது விழுந்தால் விழுந்ததுதான். இது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். செருப்பு கழன்ற பெண்கள் அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு போவதைப் பார்த்திருக்கிறேன்.

பூரணி திரும்பினாள். அவளைச் சுட்டார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் மற்றவர்கள் சொன்னது.

வானொலி அன்றிரவே சொன்னது: கையில் சந்தேகத்துக்கிடமான பொதியுடன் காவலரணை நோக்கி ஓடிய பெண்ணொருவர். பெயர் இல்லை. ஆஸ்பத்திரியில் பிரேத அறைக்கு வெளியே ஒரு பொலிஸ்காரர் மேசை போட்டு இருந்தார். "உன்ட சாமானை உள்ள போய்ப் பாத்துச் சொல்லு" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவோ, வேண்டுமென்றே சொன்னாரோ, தெரியவில்லை. போய்ப் பார்த்தேன். ஓம் என்றேன். பொதி ஒன்று இருந்ததாமே, அது எங்கே என்று கேட்டேன்.

"பொதி ஒண்ணும் இல்ல. நீ ஏன் பொதி கேக்கிற?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் பொதி இல்லையென்றால் அவள் கையில் இருந்தது என்ன? ஒன்றும் இல்லையென்றால் ஏன் திரும்பினாள்?

அயலில் வேறு கதை ஓடியது. கொட்டிலுக்குள் ஏதோ நடந்திருக்கிறது, அதுதான் ஓடியிருக்கிறாள் என்று. நேரே யாரும் சொல்லவில்லை. நான் கடைக்குள் நுழைந்ததும் கதை நிற்கும். சீனி என்ன விலை என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். யார் தொடங்கினார்கள் என்று முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எல்லா முகங்களும் அப்படித்தான் இருந்தன.

முப்பத்தோராம் நாள் நெருங்கியது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு அந்தியேட்டி செய்து, வந்தவர்களுக்குச் சாப்பாட்டோடு கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிறகு உறவுகளின் புலம்பல். கணவர் புலம்பல், பெற்றோர் புலம்பல் என்று தலைப்புப் போட்டுப் பாட்டாக இருக்கும். புலம்புகிறவர்கள் அதை எழுதுவதில்லை. அச்சகத்து அருளம்பலம் ஐயா எழுதுவார். அச்சடிப்பவரும் அவர்தான்.

போனபோது ஒரு தாளை நீட்டினார்.

"தம்பி, உங்கட புலம்பல் சரி. ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். அதில் நான் பூரணியை மரகத மயிலே, மாடத்துப் புறாவே என்று அழைத்திருந்தேன்.

"நான் அவளை ஒருநாளும் மயில் எண்டு கூப்பிட்டதில்லை ஐயா."

"ஆர் கூப்பிட்டது? நான் என்ர மனிசியை 'கேக்குதே' எண்டுதான் இவ்வளவு காலமும் கூப்பிடுறன். அவ செத்தாலும் மயில்தான் போடுவன். போன மாசம் ஒரு மனிசிக்குப் போட்டனான். அவ கைநீட்டினால் புருசன் ரெண்டு நாளைக்குப் பாயில கிடப்பான். அவவும் மயில்தான். சனம் அதை எதிர்பாக்குது."

நான் சிரிக்கவில்லை. அவரும் பிறகு சிரிப்பை நிற்பாட்டினார்.

"வரலாற்றுக்குக் கடைசி வசனம் வேணும் தம்பி. எப்பிடி முடிக்கிறது? உங்கட மாமா வந்து, 'இறைவனடி சேர்ந்தார்' எண்டு மட்டும் போடச் சொன்னவர். காய்ச்சலில போனவை மாதிரி. நான் போடுவன். எனக்கும் பயம்தான். ஆனா அவ காய்ச்சலில போகேல்லையே."

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். "எனக்கு முதல் தெரியவேணும்."

"என்ன தெரியவேணும்?"

"ஏன் திரும்பினவள் எண்டு."

அடுத்த நாள் பின்னேரம் வேலை முடிந்து வரும்போது வீட்டுப் படலையடியில் மோட்டார் சைக்கிளோடு ஒருவர் நின்றார். என் வயதுதான் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. சப்பாத்தில் தூசி இல்லை. அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்பவர் போல இருந்தார்.

"உங்கட மனிசியின்ர விசயமாக் கதைக்க வந்தனான்" என்றார். "அவ சும்மா சாகேல்லை. கொட்டிலுக்குள்ள ஆமிக்காரிக்குக் கன்னத்தில அடிச்சவ. கடைசியா ஒரு வசனம் சொல்லிப்போட்டுத்தான் விழுந்தவ. கல்வெட்டில அது வரவேணும்."

"என்ன வசனம்?"

"அதை நாங்கள் எழுதித் தாறம்."

"நீங்கள் ஆர்?"

"தெரிஞ்ச ஆக்கள்."

அவர் இயக்கத்தின் ஆளாக இருக்கலாம். அல்லது அப்படி ஒரு வசனத்தை அச்சடிக்க யார் சம்மதிக்கிறார்கள் என்று பார்க்க மற்றப் பக்கம் அனுப்பிய ஆளாக இருக்கலாம். இரண்டு பக்கத்து ஆட்களும் அந்த நாட்களில் ஒரே மாதிரித்தான் வந்தார்கள், ஒரே மாதிரித்தான் கதைத்தார்கள். சம்மதித்தால் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போகும். மறுத்தால் மற்றப் பக்கம் குறித்துக்கொள்ளும்.

"யோசிச்சுச் சொல்லுறன்."

"கனக்க யோசிக்காதையுங்கோ, கெதியாச் சொல்லுங்கோ. அவவுக்கு ஒரு மரியாதை கிடைக்கிற நேரம். பிறகு துரோகியின்ர மனிசி எண்டு ஒரு பேர் வந்திட்டா, அதை எடுக்க ஏலாது."

அவர் போன பிறகு மாமா வந்தார். பூரணியின் அப்பா, இரத்தினசிங்கம். கடைத்தெருவில் இரும்புக் கடை. கதிரையின் நுனியில் இருந்தார். பூரணிக்கு இளையவளுக்கு ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது நின்றுவிடும் என்று பயந்தார். கொட்டிலைப் பற்றிய கதை மாப்பிள்ளை வீட்டுக்கும் போயிருந்தது.

"கிண்டாதையுங்கோ தம்பி. கிண்டக் கிண்டத்தான் நாறும். அவளுக்குப் பின்னால ஒரு சோனகத்தி நிண்டவளாம். அவள்தான் காட்டிக் குடுத்தது எண்டு பஸ்ஸில வந்தவை சொல்லினம். தொப்பி பிரட்டியள், தெரியுந்தானே. அவையளை நம்பிப் படிப்பிக்கப் போனாள்."

முஸ்லிம்களைப் பற்றிய அந்தச் சொற்களை நான் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். சாப்பாட்டு மேசையில், கோயில் வீதியில், பல்கலைக்கழக விடுதியில். அன்றைக்கும் கேட்டுவிட்டு மாமாவுக்குத் தேத்தண்ணீர் போட்டேன். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிண்ணியா பஸ் ஏறினேன். ஆகவே நானும் பாதி நம்பியிருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணைப் பற்றி நடத்துநர்தான் சொன்னார். அவர் அன்றைக்கும் அதே பஸ்ஸில் இருந்தவர். பெயர் பரீனா, பின்னேரச் சந்தையில் பாய் விற்க டவுனுக்கு வந்து போகிறவர், தம்பிக்குப் பாதையடியில் சைக்கிள் கடை என்றார். பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரையில் விடும் மிதவை. "நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதையுங்கோ" என்றும் சொன்னார். அன்றைக்கு என்ன கண்டார் என்று கேட்டேன். தான் டிக்கெட் காசைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

பஸ் சோதனைச் சாவடியில் நின்றது. இறங்கி வரிசையில் நின்றேன். பெண்களின் பக்கம் அதே தகரக் கொட்டில். வாசலுக்குச் சாக்குத் தொங்கியது, பாதி மடித்து மேலே செருகியிருந்தார்கள். என்னைத் தடவிப் பார்த்து விட்டார்கள். பஸ்ஸுக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சைக்கிள் கடையில் ஒருவர் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பரீனாவின் தம்பி அபூதாஹிர் அவர்தான். நான் கேட்டதும் கையைத் துடைத்தார்.

"நீங்க யாரு?"

சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

"ஒரு பக்கமும் இல்லை."

"அப்பிடித்தான் எல்லாரும் சொல்ற. ஐசியக் காட்டுங்க."

காட்டினேன். அடையாள அட்டையில் உள்ள படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தாடியையும் பார்த்தார். என் கைகள் தாமாகவே அவருக்குத் தெரியும்படி நின்றன.

"கோவிக்காதீங்க. இப்பிடி ஐசி பார்க்கிறது ஆமிக்காரன்ட வேலதான், தெரியும். போன மாசம் ஒருத்தன் ஒங்கள மாதிரித்தான் மரியாதயா வந்தான். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனான். அடுத்த நாள் பக்கத்துக் கடக்காரன் இல்ல. ராத்தா ஒண்டும் காணல்ல. நீங்க போங்க."

கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது.

"யாருடா தம்பி அது?"

"ஒருத்தருமில்ல. நீ உள்ள இரி ராத்தா." அங்கே முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்றுதான் அழைப்பார்கள்.

பரீனா வாசலுக்கு வந்துவிட்டார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தலைத்துணியை நாடிக்குக் கீழே இறுக்கிக் குத்தியிருந்தார். என்னைப் பார்த்து, "டீச்சர்ட மாப்பிள்ளயா?" என்றார்.

ஓம் என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "நீங்கள்தான் அவளைக் காட்டிக் குடுத்தது எண்டு எங்கட ஆக்கள் சொல்லினம்" என்றேன்.

அபூதாஹிர் எழுந்துவிட்டார். பரீனா அவரைக் கையால் மறித்தார்.

"காட்டிக் குடுக்க அவ என்னத்த ஒளிச்சு வச்சிருந்தா? பேக்குக்குள்ள பிள்ளைகள்ட கணக்குக் கொப்பி. அந்த வரிசையில வச்சும் திருத்திக்கிட்டுத்தான் நிண்டா. பொடியன் ஒருத்தன் பதினாறை எட்டால பிரிச்சு எட்டு எண்டு எழுதியிருக்கான், இவன என்ன செய்ற எண்டு என்னட்டக் காட்டிச் சிரிச்சா."

அது பூரணிதான். ஆனால் அது போதாது. யாரும் அப்படிச் சொல்லலாம்.

"கொட்டிலுக்குள்ள என்ன நடந்தது?"

"ராத்தா, போதும்" என்றார் அபூதாஹிர். "வீட்டுல ரெண்டு குமர்ப் பிள்ளைகள் இரிக்கு. நாளைக்கு ஊர் கதைக்கும்."

"ஊர் அண்டைக்கே கதைச்சிட்டு."

அவர் வாசற்படியில் இருந்தார். கதைக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

"உள்ள ஒரு ஆமிக்காரி. டீச்சர்ட கொண்டய அவிழ்க்கச் சொன்னா. சட்டயத் தூக்கச் சொன்னா. டீச்சர் ஒண்டும் கதைக்கல்ல. எல்லாம் முடிச்சு, சாரிய சரிசெஞ்சுகொண்டு பஸ்ஸுக்குப் போயிட்டா. பிறகு நான். தலத்துணியக் கழட்டு எண்டா. கழட்டுறன், முதல்ல சாக்க இறக்கி விடுங்க, வெளிய ஆம்புளயள் நிக்கிறாங்க எண்டன். எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். அவ சிரிச்சா. மாட்ட அதட்டுற மாதிரி ஒரு சத்தம் போட்டா. இழுத்துக் கழட்டி வெளிய எறிஞ்சிட்டா. ஒருத்தன் அதத் துவக்கு நுனியில தூக்கி ஆட்டினான். ஆடு உரிச்சாச்சு எண்டான். எல்லாரும் சிரிச்சாங்க."

அபூதாஹிர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கொட்டிலுக்குள்ளயே குந்திட்டன். வெளிய வர ஏலாது. ஆமிக்காரி காலால தள்ளினா. வரிசையில நிண்ட பொம்புளயள் எல்லாம் நிலத்தப் பார்த்தாங்க. அவங்கள்ல பிழையில்ல. நானெண்டாலும் நிலத்தத்தான் பார்த்திருப்பன். டீச்சர் பஸ் படியில கால வச்சிட்டா. அங்க நிண்டு பார்த்தா. திரும்பி வந்தா. ரேடியோவில ஓடினா எண்டாங்க. ஓடல்ல. நடந்துதான் வந்தா. அவன் துணிய நிலத்துல போட்டுட்டான். அதக் குனிஞ்சு எடுத்தா. ஒதறினா. சுருட்டிக்கிட்டு வாசலுக்கு வந்து, எனக்குக் கைய நீட்டினா."

பொதி அதுதான் என்று எனக்குப் புரிந்தது. மண்மூட்டைக்குப் பின்னால், உயரத்தில் நின்றவன் மற்றதைக் கண்டிருக்க மாட்டான். திரும்பி வருகிற ஒரு பெண். கையில் சுருட்டிய ஒன்று.

"ஏதும் சொன்னவளா?"

"சொன்னா. சொல்லி முடியத்தான் வெடிச் சத்தம்."

என்ன சொன்னாள் என்று கேட்டேன். சொன்னார்.

ஆமிக்காரிக்கு அடித்தாளா என்று கேட்டேன். இல்லை என்றார். யாரையும் ஏசினாளா என்று கேட்டேன். இல்லை. கொஞ்சம் பொறுத்து, கடைசியாக என்ன சொன்னாள் என்று முதல் முறை கேட்பது போல மீண்டும் கேட்டேன். முதல் சொன்னதையே, சொல் மாறாமல் சொன்னார். துறைமுக வாசற்காரன் என்னைச் சோதிக்கும் முறை அது. நான் செய்வதை அவர் கவனித்தார்.

நம்பினேன். பூரணி வீட்டிலும் அப்படித்தான் கதைப்பாள்.

"அந்தத் துணியப் போட்டுக்கிட்டுத்தான் வெளிய வந்தன்" என்றார் பரீனா. "வேற என்ன செய்ற? டீச்சர் வாசல்ல கெடந்தா. போ போ எண்டு வெரட்டினாங்க. நிண்டு பார்க்கக்கூட விடல்ல. அதுக்குப் பிறகு நான் டவுனுக்குப் போகல்ல. ஒங்கட வீட்டுக்கு வரணும் எண்டு நெனச்சன். என்ன சொல்லி வாற? எண்ட தலத்துணிக்காக மௌத்தாகிட்டா எண்டா?"

கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். வானொலி சொன்னதையும், அயல் சொல்வதையும், மோட்டார் சைக்கிள்காரர் சொல்லச் சொன்னதையும் சொன்னேன். உண்மையைப் போட்டால் எல்லாம் நிற்கும் என்றேன்.

"எழுத வாணாம்" என்றார் அபூதாஹிர். "ஒங்கட டீச்சர்ட பேரக் கழுவ எங்கட ராத்தாட தலயத் திரும்பவும் தொறக்கிறீங்களா? ஊர்ல இது இப்ப கொஞ்சப் பேருக்குத்தான் தெரியும். புத்தகத்துல வந்தா எல்லாருக்கும் தெரியும்."

அவர் சொன்னது சரி. எழுந்தேன். படியில் இருந்தபடியே பரீனா சொன்னார்:

"அவவ ரேடியோவில சொன்ன மாதிரி விடவும் ஏலாது. எண்ட தலயப் பத்தி ஒண்டும் எழுதாதீங்க. அவ சொன்னத மட்டும் போடுங்க. அது அவட வாயால வந்தது. அதத் தடுக்க நான் யாரு?"

அச்சகத்துக்கு நேரே போனேன். மாமாவும் அங்கே இருந்தார். நான் கிண்ணியாவுக்குப் போனதை யாரோ சொல்லியிருந்தார்கள்.

"மயிலை எடுங்கோ ஐயா" என்றேன். "என்ர புலம்பல் வேண்டாம். அந்தப் பக்கத்தில அவளின்ர பேர். கீழ அவள் கடைசியாச் சொன்னது. வரலாறு பள்ளிக்கூடத்தோட முடியட்டும்."

"இறைவனடி?"

"வேண்டாம்."

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அருளம்பலம் ஐயா கண்ணாடியை ஏற்றி வாசித்தார். தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தார்.

"இவ்வளவுதானோ?"

"ஓம்."

"இதில ஆருக்கும் எதிரா ஒண்டும் இல்லை. ஆதரவாயும் ஒண்டும் இல்லை. இதுக்கு என்னை ஒருத்தரும் பிடிக்க ஏலாது." பிறகு, "ஆனா தம்பி, வாசிக்கிறவைக்கு ஒண்டும் விளங்காதே" என்றார்.

"விளங்க வேண்டிய ஆளுக்கு விளங்கும்."

மாமா தாளை வாங்கினார். வாசித்து முடிக்க அவருக்கு நேரம் எடுத்தது. ஒரு வரிதான். முதல் சொல்லில் விரலை வைத்தார்.

"இது அந்தப் பின்னால நிண்டவளுக்குச் சொன்னதோ?"

"ஓம் மாமா. அவ காட்டிக் குடுக்கேல்லை. கொட்டிலுக்குள்ள பூரணிக்கும் நீங்கள் பயப்பிடுற மாதிரி ஒண்டும் நடக்கேல்லை. இவ்வளவுதான் நான் சொல்லலாம்."

விரலை எடுக்கவில்லை. "அப்ப இதை 'அக்கா' எண்டு மாத்தினால் என்ன? எங்கட சனம் வாசிக்கிற புத்தகம்."

"அவள் அப்பிடிச் சொல்லேல்லை."

அவர் தாளை மேசையில் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாளைக்கு வந்து மாற்றச் சொல்வாரோ, அந்தியேட்டிக்கே வராமல் விடுவாரோ தெரியவில்லை. மோட்டார் சைக்கிள்காரரும் வருவார். அவருக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

"உங்கட மாமா வந்து மாத்தச் சொன்னால் நான் என்ன செய்ய?" என்றார் அருளம்பலம் ஐயா.

"இப்ப அடியுங்கோ. நான் நிக்கிறன்."

அவர் மயிலைக் கலைத்து எழுத்துகளைப் பெட்டிகளில் போட்டார். பிறகு பூரணி இரத்தினசிங்கம் என்று பெரிய எழுத்தில் கோத்தார். அதன் கீழே, நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து, சின்ன எழுத்தில் அவள் சொன்னதைக் கோத்தார்:

"ராத்தா, கெதியாப் போடுங்கோ. பஸ் வெளிக்கிடப் போகுது."